பச்சைக் குழாயில் எவ்வளவு விஷம்? உடல்நல, சுற்றுச்சூழல் இடர் மதிப்பீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1970களில் வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் குடித்த குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். யூனிசெஃப் போன்ற அமைப்புகளின் துணையோடு ஊர் ஊராகக் கைப்பம்பு வைத்த குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. கிருமி இல்லாத, தெளிந்த தண்ணீர் கிடைத்தது. அதில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. அன்றைய வழக்கமான தண்ணீர்ச் சோதனைப் பட்டியலில் அது இல்லை. 1990களில் விஷயம் வெளியே வந்தபோது கோடிக்கணக்கானவர்கள் வருடக்கணக்கில் அதைக் குடித்து முடித்திருந்தார்கள். பிறகு லட்சக்கணக்கான பம்புகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருந்தால் சிவப்பு பெயின்ட், குறைவாக இருந்தால் பச்சை பெயின்ட் என்று அடித்தார்கள்.

இடர் மதிப்பீடு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெயின்ட்தான். ஒரு எண்ணை எடுத்து, அதைப் "பயன்படுத்தலாம்", "கூடாது" என்ற இரண்டு நிறமாக மாற்றுகிற வேலை. அந்த நிறத்துக்குப் பின்னால் எத்தனை அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரை. லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் ஆர்செனிக் உள்ள ஒரு பச்சைக் குழாயை எடுத்துக்கொண்டு கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

தொடங்கும் முன்: ஆபத்து வேறு, இடர் வேறு

ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் தன்மை இருந்தால் அது ஆபத்து. அந்தத் தீங்கு ஒருவருக்கு நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு கடுமை என்பது இடர், அதாவது நாம் பேச்சில் சொல்லும் ரிஸ்க். பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் அமில பாட்டில் ஆபத்தானது. அதே பாட்டில் மூடி திறந்து, ஒரு குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால்தான் இடர்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் 2015 அக்டோபரில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களுக்கான முதல் பிரிவில் சேர்த்தபோது உலகம் முழுக்கச் செய்தித்தாள்கள் தடுமாறின. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால், இரண்டும் ஒரே அளவு கெடுதல் என்று எழுதித் தள்ளினார்கள். அந்தப் பிரிவுகள் சொல்வது, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை மட்டுமே. எவ்வளவு புற்றுநோய் உண்டாக்கும் என்பதை அவை சொல்வதில்லை.

இன்று உலகெங்கும் பயன்படும் நான்கு கட்ட முறையை 1983-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு ஒரு அறிக்கையில் வகுத்துக் கொடுத்தது: ஆபத்தை அடையாளம் காணுதல், டோஸுக்கும் விளைவுக்கும் உள்ள உறவு, உடலுக்குள் போகும் அளவு, இறுதியாக இடரை விவரித்தல். இவற்றுக்கு முன்னால் கேள்வியைச் சரியாக அமைக்கும் கட்டம் ஒன்று வேண்டும் என்பதை 2009-இல் வந்த அடுத்த அறிக்கை அழுத்திச் சொன்னது. என் அனுபவத்தில் பாதி மதிப்பீடுகள் கெட்டுப்போவது அந்த முதல் கட்டத்தில்தான். கணக்கில் அல்ல.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"இந்தத் தண்ணீர் பாதுகாப்பானதா?" என்பது மதிப்பிடக்கூடிய கேள்வி இல்லை. யாருக்கு, எந்தப் பொருளால், எந்த வழியாக, எவ்வளவு காலத்துக்கு, எந்த முடிவை எடுப்பதற்காக என்ற ஐந்தும் வாக்கியத்துக்குள் வர வேண்டும். நம் பச்சைக் குழாய்க்கு இப்படி எழுதலாம்: "இந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பல வருடம் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆர்செனிக்கால் வரும் இடர் எவ்வளவு? வேறு தண்ணீர் ஏற்பாடு செய்ய வேண்டுமா?"

அடுத்து ஒரு தாளில் மூன்று கட்டம் வரையுங்கள். இடது பக்கம் மூலம், நடுவில் வழி, வலது பக்கம் பாதிக்கப்படுபவர். மண்ணடுக்கில் உள்ள ஆர்செனிக், கிணற்றுத் தண்ணீர், வாய். மூன்றில் ஒரு இணைப்பு அறுந்தாலும் இடர் இல்லை. அதே தண்ணீரில் குளிப்பதால் தோல் வழியாக உள்ளே போகும் ஆர்செனிக் மிகச் சொற்பம், அந்த அம்புக்குறியை அடித்துவிடலாம். சமையல் தண்ணீரை அடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் ஆர்செனிக் போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் செறிவு கூடத்தான் செய்யும்.

வங்கதேசத்தில் தவறியதும் இந்தத் தாள்தான். இடது பக்கக் கட்டத்தில் "கிருமி" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு வந்த விடை சரியான விடையே.

படி 2: ஆபத்தை அடையாளம் காணுங்கள்

இந்தப் பொருள் என்ன கெடுதல் செய்யும், அதற்குச் சான்று என்ன? மனிதர்களிடம் செய்த ஆய்வு, விலங்குகளிடம் செய்த ஆய்வு, செல்களில் செய்த சோதனை என்ற வரிசையில் தேடுங்கள். மனிதச் சான்று கிடைத்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. 1965-இல் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இதற்காக ஒன்பது கோணங்களை முன்வைத்தார். தொடர்பு எவ்வளவு வலுவானது, பல இடங்களில் திரும்பத் திரும்பத் தெரிகிறதா, காரணம் முன்னால் வந்து விளைவு பின்னால் வந்ததா, டோஸ் கூடினால் விளைவும் கூடுகிறதா என்பவை அவற்றில் சில. ஒன்பதுக்கு எத்தனை மதிப்பெண் என்று கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஹில் அதற்காக அவற்றைச் சொல்லவில்லை.

விலங்குச் சான்றில் சாக்கரின் கதையை மறக்கக் கூடாது. எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது என்று அந்த இனிப்பூட்டி பல வருடம் சந்தேகப் பட்டியலில் இருந்தது. எலியின் சிறுநீரில் அது கட்டியை உண்டாக்கும் விதம் மனிதருக்குப் பொருந்தாது என்று தெளிந்த பிறகு, 2000-இல் அமெரிக்காவின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தலிடோமைடு நேர் எதிர்: எலிகளில் அவ்வளவாகத் தெரியாத தீங்கு மனிதரிடம் தெரிந்தது. 1950களின் இறுதியில் கர்ப்பிணிகளுக்கும் தரப்பட்ட அந்த மருந்தால் கைகால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன.

நம் ஆர்செனிக்குக்கு இந்தப் படி சுலபம். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களுக்கு மனிதச் சான்றே நிறைய இருக்கிறது.

படி 3: எவ்வளவு போனால் எவ்வளவு கெடுதல்?

எந்தப் பொருளையும் விஷமாக்குவது அதன் அளவுதான் என்று 16-ஆம் நூற்றாண்டிலேயே பாராசெல்சஸ் என்ற மருத்துவர் சொல்லிவிட்டார். நாம் செய்ய வேண்டியது அந்த அளவைக் கண்டுபிடிப்பது. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது.

ஒரு எல்லைக்குக் கீழே உடல் சமாளித்துக்கொள்ளும் என்று நம்பக்கூடிய பொருட்களுக்கு, ஆய்வில் தீங்கு எதுவும் தென்படாத உச்ச அளவை எடுத்து அதைப் பாதுகாப்புக் காரணிகளால் வகுப்பார்கள். விலங்கிலிருந்து மனிதருக்கு வருவதற்கு ஒரு 10, மனிதர்களுக்குள் பலவீனமானவர்களுக்காக இன்னொரு 10, ஆக 100. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் இருந்த லேமனும் ஃபிட்ஸ்ஹ்யூவும் 1950களில் முன்வைத்த வழக்கம் இது. அந்த 10 இயற்கை விதி எதுவும் இல்லை, அனுபவத்தில் கைக்கு வந்த எண். வகுத்து வரும் விடைக்கு ரெஃபரன்ஸ் டோஸ் என்று பெயர். ஒருவர் ஆயுள் முழுக்கத் தினமும் எடுத்தாலும் குறிப்பிடத்தக்க தீங்கு வராது என்று கருதும் அளவு அது.

எல்லையே இல்லை என்று கருதும் பொருட்களுக்கு, குறிப்பாக மரபணுவைத் தாக்கிப் புற்றுநோய் தருபவற்றுக்கு, டோஸையும் விளைவையும் காட்டும் வரைபடத்தில் பூஜ்யம்வரை ஒரு கோட்டை இழுத்து அதன் சரிவை எடுப்பார்கள். அந்தச் சரிவைத் தினசரி டோஸால் பெருக்கினால் ஆயுட்கால வாய்ப்பு கிடைக்கும்.

எல்லை உண்டு என்று நம்பிய பொருள் பிறகு மறுபக்கம் தாவுவதும் நடக்கும். ஈயத்துக்கு நடந்தது அதுதான். குழந்தைகளின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருந்தால் கவனிக்க வேண்டும் என்ற அமெரிக்க அளவு, டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 2012-இல் 5 ஆகி, 2021-இல் 3.5 ஆனது. பாதுகாப்பான அளவு என்று எதையும் இப்போது சொல்வதில்லை.

படி 4: உள்ளே போவது எவ்வளவு?

இந்தப் படியில் நிதானமாக உட்கார வேண்டும். மற்ற படிகளுக்கு உலகத்தின் ஆய்வுகளை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் படிக்கு நீங்களேதான் களத்துக்குப் போக வேண்டும்.

வாய்பாடு எளிது. செறிவை, ஒரு நாளில் உட்கொள்ளும் அளவால் பெருக்கி, உடல் எடையால் வகுக்கவும். நம் பச்சைக் குழாயில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள பெரியவர் 2 லிட்டர் குடித்தால் 30 × 2 ÷ 60, அதாவது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 மைக்ரோகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தை 1 லிட்டர் குடித்தால் 30 × 1 ÷ 10, அதாவது 3 மைக்ரோகிராம். ஒரே குழாய், ஒரே தண்ணீர், குழந்தைக்கு மூன்று மடங்கு டோஸ். குழந்தைகளுக்குத் தனிக் கணக்குப் போடாத மதிப்பீட்டை நான் நம்புவதில்லை.

60 கிலோவும் 2 லிட்டரும் உலக சுகாதார நிறுவனம் குடிநீர் அளவுகளுக்குப் பயன்படுத்தும் பொது அனுமானங்கள். வெயிலில் உழைப்பவர் இதைவிட இரண்டு மடங்கு குடிப்பார். அப்போது கணக்கு உங்கள் மக்களுக்குப் பொருந்தாது. கேட்டுப் பாருங்கள், அல்லது அவர்கள் தண்ணீர் எடுக்கும் குடத்தை அளந்து பாருங்கள்.

அலகுகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு இருக்கிறது. இது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் ஒரு முறையாவது தப்பு செய்திருப்போம். இதைவிட நைசான பொறி நைட்ரேட்டில் இருக்கிறது. சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவே எழுதும், சில அதில் உள்ள நைட்ரஜனை மட்டும் எழுதும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது, நைட்ரஜனாக எழுதினால் சுமார் 11 மில்லிகிராம். அறிக்கையில் 20 என்று பார்த்து "50-க்குக் கீழேதானே" என்று நிம்மதியடைந்தால், அந்த 20 நைட்ரஜன் கணக்கில் எழுதியதாக இருந்து பச்சிளம் குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம்.

ஒருமுறை என் கைக்கு வந்த தண்ணீர் அறிக்கையில் ஆர்செனிக் வரிசையில் "கண்டறியப்படவில்லை" என்று இருந்தது. எல்லாரும் சந்தோஷமாக அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அந்தக் கருவி கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 10. அதாவது ஐந்து மடங்கு அதிகமாக இருந்தாலும் அந்தக் கருவி வாயைத் திறக்காது. அதிலிருந்து, எந்த அறிக்கை வந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன்.

மாதிரி எடுப்பதும் இதே படிதான். ஒரே நாளில் ஒரே கிணற்றில் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர், அந்த ஊரையோ அந்த வருடத்தையோ பிரதிநிதித்துவம் செய்யாது. ஆர்செனிக்கைப் பொறுத்தவரை பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே அளவு பல மடங்கு மாறும். ஆழமும் மண்ணடுக்கும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

படி 5: எல்லாவற்றையும் சேர்த்து இடரைச் சொல்லுங்கள்

இப்போது டோஸை ரெஃபரன்ஸ் டோஸால் வகுக்க வேண்டும். வரும் விடை 1-க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு, மேலே போனால் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆர்செனிக்குக்குப் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த ரெஃபரன்ஸ் டோஸ், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.3 மைக்ரோகிராம். பெரியவருக்கு 1 ÷ 0.3, சுமார் 3.3. குழந்தைக்கு 10. பச்சை பெயின்ட் அடித்த குழாயைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2025 ஜனவரியில் அதே முகமை, இதய நோய், நீரிழிவு பற்றிய புதிய ஆய்வுகளை வைத்து அந்த அளவை 0.06 ஆகக் குறைத்தது. இப்போது பெரியவருக்குச் சுமார் 17, குழந்தைக்கு 50. தண்ணீரில் ஒரு சொட்டு மாறவில்லை, எண் மட்டும் ஐந்து மடங்கானது. எந்த ஆண்டின் எந்த மதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்று அறிக்கையில் எழுதாவிட்டால் பின்னால் வருபவருக்கு அது வெறும் எண்தான்.

17 என்றால் 17 மடங்கு நோய் வரும் என்று பொருள் இல்லை. பாதுகாப்பு என்று கருதும் அளவைவிட 17 மடங்கு உள்ளே போகிறது என்று மட்டுமே பொருள். எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை இந்த விகிதம் சொல்லாது, அதற்குப் புற்றுநோய்ச் சரிவுக் கணக்கு வேண்டும். அதன் விடை "பத்தாயிரத்தில் ஒருவர்", "பத்து லட்சத்தில் ஒருவர்" என்று வரும். மாசுபட்ட நிலங்களைச் சுத்தம் செய்யும்போது அமெரிக்காவில் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வரம்பைத்தான் ஏற்கத்தக்கதாக வைத்திருக்கிறார்கள். அது விஞ்ஞானம் தந்த எல்லை அல்ல, சமூகம் எடுத்த முடிவு. பெயின்டின் 50-ம் அப்படித்தான்: வங்கதேசத்தின் சட்ட அளவு அது, உலக சுகாதார நிறுவனத்தின் 10 அல்ல. 10-ஐ வைத்திருந்தால் இன்னும் பல லட்சம் குழாய்கள் சிவப்பாகியிருக்கும்.

அப்புறம், நிச்சயமின்மை. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. மனிதர்களின் எடையும் தாகமும் ஆளுக்கு ஆள் மாறுவது வேறுபாடு. எத்தனை அளந்தாலும் அது போகாது. சரியான சரிவு எது என்று நமக்குத் தெரியாமலிருப்பது அறியாமை. ஆய்வு செய்தால் அது குறையும். ஒற்றை எண்களுக்குப் பதிலாக வீச்சுகளைக் கொடுத்து, கணினியை ஆயிரக்கணக்கான முறை குலுக்கிப் போட வைக்கும் மான்டே கார்லோ முறை முதல் வகைக்கு நன்றாக உதவும். அது இல்லாமலும் ஒரு வேலை செய்யலாம்: ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். எந்த எண் விடையை அதிகம் ஆட்டுகிறதோ, அங்கே பணத்தைச் செலவழித்து அளவெடுங்கள்.

வேதிப்பொருளைத் தாண்டினால்

கிருமிகளுக்கு இதே கணக்கு நேராகப் பொருந்தாது. ஒரே ஒரு நுண்ணுயிர்கூட உள்ளே போய்ப் பெருகித் தொற்றாகலாம் என்பதால், பாதுகாப்பு எல்லை என்று ஒன்றைத் தேடாமல் தொற்றும் நிகழ்தகவைக் கணக்கிடுவார்கள். உணவுத் தொழிலில் இன்னொரு வழி. 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தபோது, இறுதிப் பொருளைச் சோதித்தே பாதுகாப்பை உறுதி செய்வதென்றால் பெரும்பகுதி உணவு சோதனையிலேயே தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. அதனால் தயாரிப்பின் எந்தெந்த இடத்தில் தவறினால் ஆபத்தோ, அந்த இடங்களைக் கண்காணிக்கும் முறை வந்தது. நல்ல முறை. குடிநீருக்கும் இதையே தழுவிய திட்டங்களை உலக சுகாதார நிறுவனம் 2004 முதல் பரிந்துரைக்கிறது.

பணியிடங்களில் எல்லாரும் பயன்படுத்துவது ஐந்துக்கு ஐந்து கட்டம்: வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து, கடுமைக்கு ஒன்று முதல் ஐந்து, இரண்டையும் பெருக்கி நிறம். எனக்கு இதில் பெரிய மரியாதை இல்லை. தினமும் விரலில் சிறு கீறல் விழுவது 5 × 1, எப்போதாவது ஒருவர் இறப்பது 1 × 5. இரண்டும் 5, இரண்டும் ஒரே நிறம்! பேச்சைத் தொடங்க உதவும், முடிவெடுக்கப் போதாது.

சூழலியலுக்கு வந்தால் பாதிக்கப்படுபவர் மனிதர் இல்லை. சூழலில் எதிர்பார்க்கும் செறிவை, உயிர்களுக்குத் தீங்கு செய்யாத செறிவால் வகுப்பார்கள். பாசி, நீர்ப்பூச்சி, மீன் என்று சில இனங்களில் செய்த குறுகிய காலச் சோதனை மட்டுமே கையில் இருந்தால் 1000-ஆல் வகுத்துக்கொள்வது ஐரோப்பிய வழக்கம். நாம் சோதிக்காத இனங்கள் அவ்வளவு என்பதுதான் காரணம். தெற்காசியாவின் பாறுக் கழுகுகள் இதற்குச் சாட்சி. மாடுகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, இறந்த மாட்டின் உடலிலிருந்து கழுகுக்குப் போய்ச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே கழுகினம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஒரு சடலத்தைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்து தின்னும் அல்லவா. மூலம், வழி, பாதிக்கப்படுபவர் என்ற அந்தத் தாளில் கழுகை யாரும் வரையவில்லை. 2006-இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடுத்தன. மாற்றாக வந்த மெலோக்சிகாமைக் கழுகுகளிடம் முதலில் சோதித்துப் பார்த்த பிறகுதான் பரிந்துரைத்தார்கள்.

படி 6: சொல்வதும் முடிவெடுப்பதும்

மக்களிடம் சதவீதத்தை மட்டும் சொல்லாதீர்கள். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18% கூடும் என்று 2015-இல் சொன்னார்கள். கேட்பவர் 100-இல் 18 பேருக்கு வரும் என்று புரிந்துகொள்வார். ஆயுட்காலத்தில் 100 பேரில் 5 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், 18% கூடினால் ஏறக்குறைய 6 பேர். இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியும்.

முடிவெடுக்கும்போது, இந்த இடரைக் குறைக்கப் போய் வேறு எந்த இடரைக் கூட்டுகிறோம் என்று கேட்டே ஆக வேண்டும். சிவப்புக் குழாயை மூடிவிட்டு மாற்று ஏற்பாடு செய்யாவிட்டால் அந்தக் குடும்பம் பழையபடி குளத்துக்குத்தான் போகும். பல இடங்களில் மக்கள் செய்தது புத்திசாலித்தனமானது: பக்கத்தில் உள்ள பச்சைக் குழாயைப் பகிர்ந்துகொண்டார்கள், சிவப்புக் குழாயைத் துணி துவைக்க வைத்துக்கொண்டார்கள். நம் 30 மைக்ரோகிராம் குழாய்க்கு என் பரிந்துரை இப்படி இருக்கும்: கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குடிக்கவும் சமைக்கவும் உடனே வேறு நீர், மற்றவர்களுக்கு ஆழமான கிணறோ வடிகட்டியோ தயாராகும்வரை இது, துவைக்கவும் குளிக்கவும் தாராளமாக இதுவே.

பரிந்துரைக்குக் கீழே மூன்று வரி எழுதுங்கள்: பயன்படுத்திய ரெஃபரன்ஸ் டோஸின் ஆண்டு, மாதிரி எடுத்த தேதி, அடுத்து எப்போது சோதிக்க வேண்டும். பம்பில் அடித்த பெயின்ட் வெயிலில் சில வருடத்தில் வெளுத்துவிடும். அதற்குள் பக்கத்திலேயே பெயின்ட் இல்லாத புதுக் குழாய்கள் நாலைந்து முளைத்திருக்கும், அவற்றையும் அன்றைக்கே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.